நேட்டாலில் இரட்டைமலையார்

திங்கள், டர்பன்

தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவரான இரட்டைமலை சீனிவாசனைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகளில் தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம்தான்: நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார், காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே அவர் 1921-இல் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார். 1904-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர், நாற்பதுகளின் நடுவிலிருந்து அறுபதைத் தொடும் வரை, ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளை இந்த நாட்டில் கழித்திருக்கிறார். 1939-இல் அவரே எழுதி வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' அளவில் மிகச் சிறிய நூல். அதிலும் இந்த ஆண்டுகளுக்குக் கிடைத்திருக்கும் இடம் குறைவு. அவர் நடமாடிய ஊரை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அதற்காகவே நேட்டால் பகுதியின் துறைமுக நகரான டர்பனுக்கு வந்திருக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியில் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கோழியாளம் என்ற சிற்றூரில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்த காலத்தில், சுமார் 400 மாணவர்கள் இருந்த பள்ளியில் ஏறக்குறைய பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் அனைவரும் பிராமணர்கள். தம்முடைய சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், மணியடிக்கும் வரை வெளியிலேயே நின்று படித்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே நுழைவதும், பள்ளி விட்டதும் யாரும் பிடித்துக் கேட்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவதும் அவர் வழக்கமாக இருந்தன. பிற பிள்ளைகளோடு விளையாடவும் துணியவில்லை. நீலகிரியில் வெள்ளையர் வணிக நிறுவனங்களில் கணக்கராக இருந்துவிட்டு 1890-இல் சென்னைக்கு வந்த இதே மனிதர், 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. நான்கு பக்கங்கள், தொடக்கச் செலவு பத்து ரூபாய், சென்னையில் 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. மாத இதழாகத் தொடங்கியது மூன்று மாதங்களில் வார இதழாகி, 1900 வரை நடந்தது.

பத்திரிகை தொடங்கிய 1893-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே, இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸின் கோரிக்கையை எதிர்த்து ஒரு கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று அதையொட்டி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குப் போயிற்று. கிராமத்தில் நம்மை மிதிப்பவனே நாளை மாவட்ட ஆட்சியராகவும் வந்து உட்கார்ந்தால் நாம் யாரிடம் போய் முறையிடுவது என்பதே அவர் கேள்வி. தேசிய இயக்க வரலாறு இதை எளிதாகத் 'துரோகம்' என்று எழுதிவிடும். அந்தக் கேள்விக்கு அன்றைய காங்கிரஸ் மேடையிலிருந்து நேரான பதில் வந்திருந்தால், நானும் அவ்வாறே எழுதத் தயார்.

1900-இல் தம் மக்களின் குறைகளை இங்கிலாந்திலேயே நேரில் எடுத்துரைக்கும் நோக்கத்தோடு கப்பலேறியவர், கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் தங்கி வேலை பார்த்து, பிறகு தெற்கே இறங்கி வந்துவிட்டார். இங்கிலாந்து அவருக்கு முப்பது ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

மாலையில் துறைமுகப் பக்கம் சென்றோம். 1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு வந்து சேர்ந்தது இங்கேதான். இப்போது பாரந்தூக்கிகளும் சரக்குப் பெட்டிகளும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

செவ்வாய், டர்பன்

இன்று முழுவதும் பதிவேடுகள். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்திலும், டெர்பி தெருவில் இருக்கும் 1860 பாரம்பரிய மையத்திலும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வரலாற்றைத் தேடிக் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 1911-இல் ஆளனுப்புவது நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. இங்குள்ளவர்கள் தங்கள் முன்னோரின் எண்ணை, நாம் வீட்டு முகவரியைச் சொல்வதுபோல மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

பதிவேட்டின் ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு மனிதர் எப்படிச் சரக்காக மாற்றப்பட்டார் என்பது புரிந்துவிடும். எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம். 'இடது முழங்காலில் தழும்பு', 'நெற்றியில் வடு' என்ற வகையில் எழுதப்பட்ட அந்தக் கடைசிக் கட்டம், ஓடிப்போனால் பிடிப்பதற்கு. ஊர்ப்பெயர்களை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். வடஆற்காட்டுச் சிற்றூர்கள் பலவற்றை வாய்விட்டு நான்கைந்து முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் அடையாளம் காண முடிகிறது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல்.

என் கண் திரும்பத் திரும்பச் சென்று நின்றது சாதிக் கட்டத்தில்தான். வன்னியர், கவுண்டர், சான்றோர், செட்டி, கிறிஸ்தவர் என்ற வரிசையில், பக்கத்துக்குப் பக்கம் பறையர் என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது. சென்னையில் சீனிவாசன் தம் பத்திரிகையின் தலையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட அதே சொல்லை, இங்கே வெள்ளை அரசின் எழுத்தர் ஆள் அடையாளத்துக்காக எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டவர்கள் யாரும் கையில் பேனா பிடித்தவர்கள் அல்லர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் இன்று இருப்பவை கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு, படையாச்சி, செட்டி ஆகியவை. இவற்றுள் எத்தனை பெயர்கள் ஊரிலிருந்து கூடவே வந்தவை, எத்தனை பெயர்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறும்போது சூட்டிக்கொண்டவை என்பதை இங்கு யாரும் கிளறுவதில்லை. என்னை வீட்டில் தங்கவைத்திருக்கும் அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க ஆயாகிட்ட கேட்டா அடி விழுந்திருக்கும் தம்பி" என்றார்.

புதன், டர்பன்

நகர மண்டபத்துக்குப் பின்னால், 1866-இல் கட்டப்பட்ட பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது நகர வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சீனிவாசன் தினமும் படியேறிய கட்டடம் இதுதான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் காலத்து நேட்டால் நீதிமன்றம் எப்படி இருந்திருக்கும் என்பதை மனத்தில் வரைந்துகொள்வதற்காகச் சென்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்பவர் அந்த அறையில் மிகவும் விசித்திரமான இடத்தில் நின்றவர். வேலைக்குப் போகவில்லை, அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தான், முதலாளியை எதிர்த்துப் பேசினான் என்ற குற்றங்களுக்காக ஒப்பந்தக் கூலிகள் நீதிபதிமுன் நிறுத்தப்பட்டார்கள். ஒப்பந்தத்தை மீறுவது இங்கே உரிமையியல் வழக்கன்று, சிறைக்கு அனுப்பும் குற்றம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி போட்டிருந்தது. அதைக் கட்டமுடியாதவர்களும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வடஆற்காட்டுத் தமிழில் ஒருவர் அழுதுகொண்டே சொல்வதை, உணர்ச்சியை வடித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு வரியாகச் சொல்ல வேண்டும்; தீர்ப்பை அதேபோல் திருப்பித் தமிழில் சொல்ல வேண்டும். தாமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. ஏழாண்டு காலம் ஒவ்வொரு வாரமும் தம் மக்களின் குறையைத் தம் சொந்தக் குரலில் உரக்க எழுதிவந்த ஒருவருக்கு இந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அந்தப் படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி, அந்தக் கையெழுத்து. மோ.க.காந்தி என்று தமிழில் எழுதும் பழக்கத்தைத் தாமே கற்றுக்கொடுத்ததாகச் சீனிவாசன் சொல்லியிருக்கிறார். இனிமையான செய்திதான். எனினும் ஒரு மனிதரின் நேட்டால் வாழ்க்கை முழுவதற்கும் அது ஒன்றே பதக்கமாகிவிட்டது எனக்கு உறுத்துகிறது. காந்தி 1914 ஜூலையில் இந்த நாட்டை விட்டுப் போய்விட்டார்; சீனிவாசன் அதற்குப் பிறகும் ஏழாண்டுகள் இங்கேயே இருந்தார். மேலும், இருவரும் பிற்காலத்தில் சந்தித்துக்கொண்ட இடம் இதைவிட முக்கியமானது. 1931-இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில், தீண்டப்படாதோர் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கரும் சீனிவாசனும் ஒரு பக்கம் நின்றார்கள். அதை ஏற்கவே முடியாது என்று காந்தி மறுபக்கம் நின்றார். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்து, தனித் தொகுதி கைவிடப்பட்டுப் புனா ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, அதில் கையெழுத்திட்டவர்களுள் சீனிவாசனும் ஒருவர். கையெழுத்தைப் பற்றித்தான் பேசவேண்டும் என்றால் நான் இதைப் பற்றியே பேசுவேன்.

பிற்பகலில் பழைய கிரே தெரு. இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. 1903-இல் காந்தியின் பத்திரிகையான 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கிய அச்சகம் இந்தத் தெருவில்தான் இருந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் பக்கங்கள் வந்தன, 1906-இல் தமிழும் இந்தியும் நின்றுபோயின. பி.எஸ்.அய்யர் 1908-இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்தது. மூன்று பவுன் வரியை அவர் விடாமல் தாக்கி எழுதினார், காந்தியையும் விட்டுவைக்கவில்லை. சென்னையில் பத்திரிகை நடத்திய சீனிவாசன் இத்தகைய பத்திரிகைகள் கைக்குக் கைமாறிய ஊரில்தான் வாழ்ந்தார். இன்று அந்தத் தெருவில் சேலைக் கடைகளும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளும்தான் நிறைந்திருக்கின்றன. ரொட்டியைக் குடைந்து அவரைக்கொட்டைக் கறியை ஊற்றித் தரும் 'பன்னி சவ்' ஒன்றை வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். காரம் நம் ஊர்க்காரம்.

வியாழன், ஃபீனிக்ஸ்

காந்தி 1904-இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றேன். 1985 கலவரத்தில் எரிந்த காந்தியின் சர்வோதய வீட்டைத் திரும்பக் கட்டி 2000-இல் திறந்திருக்கிறார்கள். சுற்றிலும் இனாண்டாவின் நெருக்கமான வீடுகள். சற்றுத் தொலைவில் கறுப்பினத் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி, 1994-இல் மண்டேலா வாக்களித்த இடம்.

இங்கு எனக்கு நினைவுக்கு வந்தது ஃபீனிக்ஸுக்கு முந்திய ஒரு வீடு. டர்பன் பீச் குரோவ் பகுதியில் காந்தி குடியிருந்தபோது அவருடைய எழுத்தர்கள் சிலரும் உடன் தங்கினார்கள். அவர்களுள் ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்கு, அதாவது தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களுக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சிறுநீர்ப் பானையைத் தூக்க நேர்ந்தபோது கஸ்தூரிபா அழுததையும், சினந்த காந்தி அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றதையும் காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இந்தக் கதை வழக்கமாகக் கணவன் மனைவி கதையாகவே படிக்கப்படுகிறது. மாடிப்படியில் நடந்த அந்தச் சண்டையைத் தன் அறைக்குள்ளிருந்து கேட்டிருக்கக்கூடிய அந்த எழுத்தரைப் பற்றி எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? கப்பலேறினால் சாதி போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் டர்பனின் அந்த வீட்டு மாடிப்படி வரையிலும் அது வந்திருக்கிறது.

வெள்ளி, இசிபிங்கோ

டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயில். வெள்ளிக்கிழமை ஆகையால் நல்ல கூட்டம். புனித வெள்ளியையொட்டிய நாட்களில் இங்கு பல்லாயிரம் பேர் கூடுவார்கள் என்றும், தமிழர் அல்லாதவர்களும் பிற சமயத்தவரும் வந்து வேண்டிக்கொள்வார்கள் என்றும் அக்கா சொன்னார். தோட்டக்காலத்தில் எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்த நாள் அது. அம்மன் திருவிழாவும் அதோடு ஒட்டிக்கொண்டது.

நான் கவனித்தது இரண்டு. ஒன்று, கூழ் ஊற்றும் இடத்தில் வரிசை ஒன்றுதான். இரண்டு, கோயிலைச் சுற்றி ஊர், சேரி என்ற பிரிவு எதுவும் இல்லை. இருந்ததற்கான தடமும் இல்லை. தோட்ட முதலாளி ஒரே நீளமான வரிசை வீடான லயத்தில் எல்லாரையும் அடைத்தார். பறையருக்கும் கவுண்டருக்கும் நடுவே இருந்தது ஒரு தகரத் தடுப்பு. பொதுக் கிணற்றில் யார் இறைக்கலாம் என்று விதிக்க அங்கே ஊர்ப் பெரியவர் இல்லை, குழாய் முதலாளியுடையது. இதைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. எல்லாரையும் ஒன்றாக மிதித்ததால் கிடைத்த சமம் அது. ஆயினும் கிராமத்தின் தெரு என்ற ஒன்று இல்லாமல் போனவுடன் சாதியின் ஒரு கால் ஒடிந்துபோனது என்பதை மறுக்க முடியாது.

அக்காவின் தாயாருக்கு எண்பதுக்கு மேல் வயது. அவர் இளமைக் காலத்தில் திருமணப் பேச்சில் முதலில் எழுந்த கேள்வி, தமிழா, தெலுங்கா, இந்தி மொழியா என்பதுதானாம். அடுத்தது, வீட்டில் குடி உண்டா என்பது. சாதியைக் கேட்க மாட்டார்களா என்றதற்கு, "கேக்க மாட்டாங்க. ஆனா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, தேநீர் ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

சனி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 1893 ஜூன் 7 அன்று காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிலையத்தைப் பார்க்காமல் போனால் ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். செங்கல் கட்டடம், ஒரு கல்வெட்டு, குளிர்காற்று. அதே ஆண்டு அக்டோபரில்தான் சென்னையில் 'பறையன்' முதல் இதழ் வந்தது. ஒருவருக்கு ரயிலில் முதல் வகுப்பு மறுக்கப்பட்ட ஆண்டில், இன்னொருவர் தெருவில் நடக்கும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்காகப் பத்திரிகை தொடங்குகிறார். முன்னதற்கு நிலையமே நினைவிடமாயிற்று. பின்னதற்குக் கோழியாளத்திலோ சென்னையிலோ எத்தனை பேருக்கு வழி தெரியும்? கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2000-இல் அஞ்சல்தலையும் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

திரும்பும் வழியில் காரில் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் படித்துக்கொண்டு வந்தேன். நேட்டாலிலிருந்து திரும்பிய சீனிவாசன் 1923-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் சாரம் இதுதான்: எந்த வகுப்பைச் சேர்ந்தவராயினும், எந்த ஊரிலாயினும் நகரத்திலாயினும் உள்ள எந்தப் பொதுச் சாலை, தெரு, பாதை வழியாகவும் நடக்க ஆட்சேபனை இல்லை, பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் சாதி இந்துக்களுக்கு உள்ள உரிமை தாழ்த்தப்பட்டோருக்கும் உண்டு. தீர்மானம் நிறைவேறி, 1925-இல் அரசிதழில் வெளியாயிற்று.

ஒப்பந்தக் கூலிகளின் நாட்டில் பதினேழு ஆண்டுகளைக் கழித்துவிட்டு வந்தவர், மீண்டும் ஒரு பத்திரிகை தொடங்கவில்லை. நடப்பதைப் பற்றிச் சட்டம் கேட்டார். இந்தத் தென்னாப்பிரிக்காவில் யார் எந்த வழியில் நடக்கலாம் என்பதைச் சட்டமே எழுதிவைத்திருந்தது. அன்றைய டிரான்ஸ்வால் பகுதியில் இந்தியர் நடைபாதையில் நடக்கக் கூடாது என்றிருந்தது. அங்கே பிரிட்டோரியாவில் அதிபர் குரூகர் வீட்டெதிரே நடந்ததற்காகக் காந்தி உதைபட்டார். கறுப்பு மக்களின் நிலை அதைவிடக் கொடுமையானது. இங்கே விலக்கு அச்சில் இருந்தது; செங்கல்பட்டில் அச்சில் இல்லாமலே எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். எழுதப்படாத விலக்கை உடைக்க எழுதப்பட்ட உரிமை வேண்டும் என்ற தெளிவு அவருக்கு நேட்டாலில் ஏற்பட்டது என்று நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. இது என் ஊகம். 1930-இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது அரசர் ஐந்தாம் ஜார்ஜ் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்க, தெருவில் விழுந்து கிடப்பவன் தாழ்த்தப்பட்டவன் என்றால் மேல்சாதிக்காரர் கைகொடுத்துத் தூக்க மாட்டார் என்று அவர் பதில் சொன்னதாக வரலாறு. அந்த விளக்கத்துக்கும் அவர் எடுத்துக்கொண்ட இடம் தெருதான்.

ஞாயிறு, சாட்ஸ்வொர்த்

சாட்ஸ்வொர்த், இனவாரிப் பகுதிச் சட்டத்தின்கீழ் இந்தியர்களை நகரத்திலிருந்து பெயர்த்து 1960-களில் குடியேற்றிய இடம். அங்கு ஞாயிறு காலையில் நடக்கும் தமிழ் வகுப்பில் பேச அழைத்திருந்தார்கள். பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள், வீட்டில் ஆங்கிலம்தான். நான் பேசிய தமிழைப் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். சீனிவாசன் மொழிபெயர்ப்பாளராக இருந்தார் என்று நான் சொன்ன இடத்தில் அவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் பெரியவர்கள் என்னை நிறுத்திக்கொண்டார்கள். நவம்பர் 16-க்காக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். குடும்பத்துக்கொரு பலகை, அதில் முன்னோரின் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். நகல்கள் மேசைமேல் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரு கட்டத்தின்மேல் வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. எந்தக் கட்டம் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

அதை எடுக்க வேண்டும் என்றார் சட்டம் படிக்கும் ஓர் இளம்பெண். தன் கொள்ளுப்பாட்டியின் வரியில் தழும்பு வரைக்கும் காட்டுகிறீர்கள், சாதியை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள் என்பது அவர் வாதம். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அண்ணன் அமைதியாக மறுத்தார். வெள்ளையன் எங்களைக் கூலி என்றான், அடுத்து வந்தவன் ஏசியாட்டிக் என்றான். நாங்களாக மறந்த ஒரே பெயர் இதுதான், இதைத் தோண்டியெடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் ஆள் என்ன சொல்லியிருப்பார் என்றார்.

'பறையன்' பத்திரிகைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதற்குச் சீனிவாசன் சொன்ன காரணத்தைச் சொன்னேன்: அந்தப் பெயரைக் கொண்டே ஒருவன் முன்வந்து நிற்காத வரைக்கும் அவனுக்குரிய உரிமையைக் கேட்டுப் பெற முடியாது. கோயம்புத்தூர்ப் பள்ளிக்கு வெளியே மணியடிக்கக் காத்து நின்ற பையனைப் பற்றியும் சொன்னேன். அவருடைய மைத்துனரான அயோத்திதாசப் பண்டிதர் இதற்கு நேர்மாறாக, அந்தப் பெயரே பகைவர் சுமத்தியது என்று மறுத்து, பூர்வ பௌத்தர் என்ற அடையாளத்தைத் தேடிப் போனவர் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி.

அண்ணன் விடவில்லை. "அவர் திரும்பிப் போன எடத்துல அதைக் கேக்க ஆளு இருந்தாங்க. அதனால சொல்லிச் சண்டை போட்டாரு. இங்க யாரும் கேக்கலையே" என்றார். நியாயமான பேச்சு. ஆனாலும் என் மனம் அந்த இளம்பெண்ணின் பக்கம்தான். கேட்கவில்லை என்பதும் தெரியாது என்பதும் ஒன்றல்ல என்பதை வெள்ளியன்று அக்காவின் தாயார் வாயாலேயே கேட்டிருந்தேன். மேலும், வன்னியர், செட்டி என்ற கட்டங்களின் மேலும் பட்டை ஒட்டியிருப்பது, ஒரே ஒரு கட்டத்தை மறைப்பதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது. அதைச் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, ஒவ்வொரு குடும்பமும் தன் பலகையைத் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தீர்த்தார்கள். இளம்பெண் அங்கேயே தன் கொள்ளுப்பாட்டியின் நகலிலிருந்து பட்டையை உரித்தார். பசை வலுவாக இருந்ததால் கீழே இருந்த எழுத்தும் கொஞ்சம் கிழிந்துவிட்டது, வேறு நகல் எடுக்க வேண்டும். அண்ணன் தம் குடும்பத்துப் பலகையைத் தொடவில்லை. 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு பலகையாக வைக்க இடம் தருவதாக மட்டும் சொன்னார். வாசலுக்கு நேரே உள்ள சுவர், ஆறடி அகலம். தமிழ் வாசகத்தை இன்றிரவே எழுதி அனுப்புவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.